பிப்பெட் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்: மதுரைப் பள்ளிகளுக்கு உயிர்த்தொழில்நுட்ப ஆய்வகப் பயணம், முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, "இது பி.சி.ஆர். மெஷின், இது சென்ட்ரிஃபியூஜ்" என்று கை காட்டிவிட்டுத் திரும்பும் ஆய்வகச் சுற்றுலாக்கள் நிறைய நடக்கின்றன. பேருந்து வாடகைக்குப் பிடித்த கேடு. பி.சி.ஆர். மெஷின் வெளியிலிருந்து பார்க்க ஒரு டப்பா, அவ்வளவுதான். அதே பிள்ளை 12 மைக்ரோலிட்டர் நீலத் திரவத்தைப் பிப்பெட்டால் (மிகச் சிறு அளவுத் திரவத்தை உறிஞ்சி அளக்கும் கைக்கருவி) தன் கையால் ஜெல்லின் குழிக்குள் இறக்கிவிட்டால், அந்த நாளை மறக்காது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது வகைப் பயணத்துக்கானது. ஒரே நாள், 40 மாணவர்கள், இரண்டே சோதனைகள்: வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பது, ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டி ஜெல்லில் ஓடவிடுவது. மூன்றாவதைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள்.

எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்த மாதம்

நாற்பதுக்கு மேல் வேண்டாம். நால்வர் கொண்ட பத்துக் குழுக்கள், குழுவுக்கு ஒரு மேசை. குழுவில் ஐந்து பேரானால் ஐந்தாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

பிளஸ் ஒன் மாணவர்களே மிகப் பொருத்தம். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனக்கலப்பும் உயிர்த்தொழில்நுட்பவியலும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். பிளஸ் டூ பாடத்தில் தடைக்கட்டு நொதி (டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுவது), இழும மின்னாற்பிரிப்பு (ஜெல்லில் மின்சாரம் கொடுத்து டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பது) எல்லாம் வரும்போது இன்றைக்குச் செய்தது கைகொடுக்கும். பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு முழுநாளை ஒதுக்க எந்தப் பள்ளிக்கும் மனம் வராது.

ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். அக்டோபர், நவம்பரில் மழையும் தீபாவளியும் ஒருபுறம், கல்லூரிகளின் செமஸ்டர் செய்முறைத் தேர்வு மறுபுறம். மார்ச்சுக்குப் பிறகு நம் ஊர் வெயிலில், ஏ.சி. இல்லாத லேபில் ஜெல் இறுகவே நேரம் எடுக்கும்.

எங்கே கேட்பது, என்ன கேட்பது

தேனி சாலையில் நாகமலையைத் தாண்டிப் பல்கலை நகரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை இருக்கிறது. இந்தியாவில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி தொடங்கிய முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. கிழக்கே ஒத்தக்கடையில், யானைமலைக்கு அருகே, 1965-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி. நகருக்குள் உயிரியல் துறைகள் கொண்ட கலை அறிவியல் கல்லூரிகள் பல. முதல் முறை போகிற பள்ளிக்குக் கல்லூரிதான் என் பரிந்துரை. இளங்கலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய லேபில் ஒரே கருவி பத்துப் பதினைந்து எண்ணிக்கையில் இருக்கும். ஆராய்ச்சி லேபில் விலை உயர்ந்த கருவி ஒன்றே ஒன்று இருக்கும், அதைத் தொடவும் விடமாட்டார்கள்.

இரண்டு மாதம் முன்பே துறைத்தலைவருக்குத் தலைமையாசிரியர் கையெழுத்துடன் கடிதம் போக வேண்டும். அரசுப் பள்ளியானால் கல்வி அலுவலக அனுமதியும் சேர்த்து. பெற்றோர் ஒப்புதலில் "சுற்றுலா" என்று மட்டும் எழுதாமல், ஆல்கஹால், சூடான ஜெல், மின்கருவி கையாளப்படும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா இருக்கிறதா என்றும் அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வந்ததும் ஒரு ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எண்ண வேண்டியவை: 20 மைக்ரோலிட்டர் வரை அளக்கும் பிப்பெட் குறைந்தது பத்து, எட்டுக் குழி சீப்பு (ஜெல்லில் குழி உண்டாக்கும் பல்வரிசை) உள்ள ஜெல் தொட்டி ஐந்து, அவற்றுக்குப் போதுமான பவர் பேக் (தொட்டிக்கு மின்சாரம் தரும் பெட்டி), மின்வெட்டு வந்தால் தாங்கும் யு.பி.எஸ்.; நீல ஒளி விளக்குப் பெட்டி. கடைசியாக, கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "எங்கள் பிள்ளைகள் கையால் செய்வார்களா, இல்லை நீங்கள் செய்து காட்டுவீர்களா?" பதிலில் இழுவை தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு வாரம் முன்பு, பள்ளியில்

பயணம் உருப்படுமா என்பது இந்த வாரத்தில் தீர்மானமாகிறது. இரண்டு பீரியட் போதும்.

முதல் பீரியட் பிப்பெட்டுக்கு. கல்லூரியில் பழைய பிப்பெட் இரண்டு கடன் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். பிப்பெட்டின் சிறு சாளரத்தில் மூன்று இலக்கங்கள் மேலிருந்து கீழாகத் தெரியும். பி-20 பிப்பெட்டில் 1-0-0 என்றால் 10 மைக்ரோலிட்டர். அதே 1-0-0 பி-200 பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர். நாள் முழுதும் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறக்கிறது. கரும்பலகையில் சாளரத்தை வரைந்து, பத்து எண்களை வாசிக்க வையுங்கள்.

அடுத்தது கட்டைவிரல். பிப்பெட்டின் குமிழை அழுத்தினால் ஓரிடத்தில் மெல்லத் தடுக்கும். அது முதல் நிறுத்தம். இன்னும் அழுத்தினால் அடிவரை போகும், அது இரண்டாவது. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை காற்றிலேயே அழுத்தி, டிப்பை (பிப்பெட் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) திரவத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் முக்கி, மெதுவாக விட வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாவது நிறுத்தம் வரை. அழுத்திய விரலை விடாமலே டிப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். திரவத்துக்குள் விரலை விட்டால் விட்டதெல்லாம் திரும்ப ஏறிக்கொள்ளும். இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சுகிற பிள்ளை கேட்டதைவிட அதிகம் எடுத்திருக்கும். லேமினேட் செய்த தாளில் 5, 10, 20 என்று கலர் தண்ணீர்ச் சொட்டு வைக்கச் சொல்லிப் பக்கத்துப் பிள்ளையின் சொட்டோடு ஒப்பிட்டால் தவறு கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது பீரியடில் ஒரு விளையாட்டு ஜெல். மளிகைக் கடையில் கிடைக்கும் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், 1 கிராமை 100 மி.லி. நீரில் நன்றாகக் கரையக் காய்ச்சி, தட்டையான டப்பாவில் அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். பழைய தலைசீப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பற்களை உடைத்துவிட்டு, அடியைத் தொடாமல் செங்குத்தாக நிறுத்தினால் குழிகள் வந்துவிடும். இறுகியதும் மேலே தண்ணீர் ஊற்றி, சர்க்கரைப் பாகு கலந்த கலர் நீரைக் குழிக்குள் இறக்கப் பழக்குங்கள். பாகின் கனத்தால் கலர் அடியில் போய் உட்காரும். லேபில் சாயத்தோடு கிளிசரினோ சர்க்கரையோ கலந்திருப்பதும் இதற்காகத்தான். லேபில் வார்க்கப்போகும் அகரோஸும் கடற்பாசி தரும் அகாரிலிருந்து சுத்திகரித்து எடுப்பதுதான். ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் பெண்கள் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் அகாருக்குப் போகிறது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

உடை பற்றி முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மூடிய காலணி, பின்னிக் கட்டிய முடி, பின் குத்திய துப்பட்டா. தலையில் மல்லிகைச் சரம் அன்றைக்கு மட்டும் வேண்டாம்; குனிந்து ஜெல் பார்க்கும்போது தொட்டிக்குள் பூ விழும்.

நாளின் ஓட்டம்

9.30-க்கு லேபில் இருக்க வேண்டும். வரவேற்புரைக்குக் கால் மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. இதைத் துறைத்தலைவரிடம் முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள். 9.45-க்குப் பிப்பெட் பயிற்சி அரைமணி நேரம். 10.15-க்கு டி.என்.ஏ. வெட்டும் கலவையைத் தயாரித்து 10.30-க்கு 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்துவிட வேண்டும். அது ஒரு மணி நேரம் கிடக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாழைப்பழம். 11.30-க்கு வெட்டியதை எடுத்து, 12 மணிக்குள் ஜெல்லில் ஏற்றி, மின்சாரம் கொடுத்துவிட்டுச் சாப்பாடு. 1.30-க்கு முடிவு பார்ப்பது. 3 மணிக்குப் பேருந்து. வாழைப்பழத்தை முதலில் செய்துவிட்டு அப்புறம் வெட்டலாம் என்று மாற்றினால், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் நீர்த்தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருப்பீர்கள்.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஸ்ட்ராபெரி இருக்கும். நமக்குப் பூவன் இருக்கிறது. கனிந்த பூவன் ஒரு டஜன் வாங்குங்கள். தோலில் புள்ளி விழுந்திருந்தால் நல்லது. காயில் மாவுச்சத்து அதிகம், வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும். தின்பதற்குத் தனியாக இன்னொரு டஜன் வாங்கி, லேபுக்கு வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் முதல் டஜன் குறையும்.

ஆல்கஹால் விஷயத்தில் ஒரு சொல். எத்தனால் வாங்கப் பள்ளிக்கு அனுமதி, பதிவேடு என்று அலைச்சல். சர்ஜிகல் கடையிலோ கெமிக்கல் கடையிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 500 மி.லி. வாங்கிவிடுங்கள். வீரியம் 99 சதவீதம் என்று பார்த்து வாங்க வேண்டும். கை துடைக்க விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், டி.என்.ஏ. இழை சரியாக வராது. முந்தின இரவே குளிர வைக்க வேண்டும். ஆல்கஹால் ஆவியைச் சாதாரண ஃபிரிட்ஜுக்குள் விடுவது ஆபத்து. மூடி இறுகிய பாட்டிலைத் தெர்மாகோல் பெட்டியில், மார்க்கெட் ஐஸும் கல் உப்பும் போட்டுப் புதைத்து வைத்தால் போதும். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும், ஐசோபுரோப்பைல் உறையாது.

கரைசல்: 900 மி.லி. தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்து, கடைசியாகப் பாத்திரம் துலக்கும் லிக்விட் 50 மி.லி. சேர்த்து, நுரைக்காமல் கலக்குங்கள். பத்துக் குழுவுக்கும் இது தாராளம்.

1. குழுவுக்கு 50 கிராம் பழத்தை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு நிமிடம் கூழாக நசுக்க வேண்டும்.

2. கரைசல் 50 மி.லி. ஊற்றி, இன்னும் இரண்டு நிமிடம் மெதுவாகப் பிசைய வேண்டும். ரோட்டி மாவு பிசைகிற வேகம் வேண்டாம், நுரை வந்துவிடும். செல்லின் சவ்வும் உட்கருவின் சவ்வும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவது போல லிக்விட் அவற்றைக் கரைக்கிறது.

3. ஐந்து நிமிடம் விட்டு, நான்காக மடித்த மஸ்லின் துணியில் வடிகட்ட வேண்டும். துணியைப் பிழியாதீர்கள். பிழிந்தால் சக்கை இறங்கிக் கலங்கல் ஆகும்.

4. ஒவ்வொரு பிள்ளையும் தன் சோதனைக்குழாயில் வடித்த நீர் 5 மி.லி. எடுத்துக்கொள்ளட்டும். இங்கே குழு கிடையாது, ஆளுக்கொரு குழாய்.

5. குழாயைச் சாய்த்துப் பிடித்து, குளிர்ந்த ஆல்கஹால் 5 மி.லி. சுவரோடு சுவராக வழிய விட வேண்டும். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்க வேண்டும்.

6. குழாயை ரேக்கில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

இரண்டு அடுக்கும் சந்திக்கும் கோட்டில் முதலில் புகை போல ஒரு மங்கல் தெரியும். பிறகு அதிலிருந்து வெள்ளை இழைகள் மெல்ல மேலே ஏறும். சிறு காற்றுக்குமிழிகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு இழையைத் தூக்கும். பல்குச்சியை அந்தக் கோட்டில் வைத்து ஒரே திசையில் சுழற்றினால், மூக்குச்சளி போல ஒட்டிக்கொண்டு வரும். வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. உப்பின் சோடியம் அதை அடக்கிவிடுவதால், ஆல்கஹாலில் கரைய முடியாமல் இழைகள் ஒன்றுசேர்ந்து வெளியே வருகின்றன.

பிள்ளைகளிடம் ஒன்றை மறைக்காதீர்கள். குச்சியில் வந்தது முழுவதும் டி.என்.ஏ. அல்ல. பெக்டின், ஆர்.என்.ஏ., புரதம் எல்லாம் சேர்ந்தே வரும். "இதில் எவ்வளவு டி.என்.ஏ. என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், லேபில் உள்ள நிறமாலைமானியை (ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி) காட்ட அதுதான் சரியான நேரம்.

இழை வராத குழாயில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: ஆல்கஹாலை மேலேயிருந்து கொட்டிக் கலக்கிவிட்டது, அல்லது ஆல்கஹால் குளிரவில்லை. முதல் தவறுக்கு மருந்து இல்லை. மீதி வடிநீரில் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

லாம்ப்டா டி.என்.ஏ.வை வெட்டி ஓடவிடுதல்

லாம்ப்டா என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். அதன் டி.என்.ஏ. 48,502 காரஇணை (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளம். ஹிண்ட்-த்ரீ என்ற நொதி அதை எட்டுத் துண்டாக்கும்: 23,130; 9,416; 6,557; 4,361; 2,322; 2,027; 564; 125. ஈகோ-ஆர்-ஒன் ஆறு துண்டாக்கும்: 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530. எந்தப் பட்டியலைக் கூட்டினாலும் 48,502 வரும். பேருந்தில் கூட்டச் சொல்லுங்கள்.

குழுவில் நான்கு பேர், நான்கு ட்யூப். முதலாவதில் நொதி கிடையாது. இரண்டாவதில் ஹிண்ட்-த்ரீ, மூன்றாவதில் ஈகோ-ஆர்-ஒன். நான்காவதில் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று சொல்லக்கூடாது, ஜெல் பார்த்து அவர்களே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ட்யூபிலும் தூய நீர் 15 மைக்ரோலிட்டர், நொதிக்குரிய, பத்து மடங்கு அடர்த்தியுள்ள பஃபர் (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) 2, மில்லிக்கு 500 மைக்ரோகிராம் அடர்த்தியுள்ள லாம்ப்டா டி.என்.ஏ. 2, கடைசியாக நொதி 1. நொதியில்லாத ட்யூபில் அந்த 1-க்குப் பதில் நீர். நொதியைப் பிள்ளைகள் கையில் பாட்டிலோடு கொடுக்காதீர்கள். கல்லூரிப் பயிற்றுநர் ஐஸில் வைத்தபடி மேசை மேசையாக வந்து தரட்டும். வாங்கிய பொருட்களில் விலை அதிகம் அதற்குத்தான், சூட்டில் இரண்டு நிமிடம் மறந்தாலும் வீரியம் குறையும். நொதி கிளிசரினில் இருப்பதால் அடியில் போய்ப் படிந்துவிடும். ட்யூபை விரலால் நாலைந்து முறை சுண்டிவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சில வினாடி சுற்றி இறக்க வேண்டும். இதைத் தவறவிட்ட ட்யூப்தான் மதியம் வெட்டப்படாமல் நிற்கும்.

ஜெல் ஒரு தொட்டிக்கு 50 மி.லி. ஒரு மடங்கு டி.ஏ.ஈ. பஃபரில் 0.5 கிராம் அகரோஸ், அதாவது 1 சதவீதம். மைக்ரோவேவில் முழுக்கத் தெளியும்வரை கொதிக்க வைத்து, கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, சுமார் 55 முதல் 60 டிகிரிக்கு, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். கொதித்த குடுவை அசைத்ததும் பொங்கித் தெறிக்கும். அந்த வேலை பெரியவர்களுக்கு. காலையிலேயே ஐந்து ஜெல்லையும் வார்த்துப் பஃபரில் மூழ்க வைத்துவிடுவது நல்லது. இரண்டு குழுவின் எட்டு ட்யூபுக்கு எட்டுக் குழி, கணக்கு சரி.

பஃபரைக் கலக்குவதில்தான் நம் ஊரில் அதிகம் கெடுகிறது. ஐம்பது மடங்கு அடர் பஃபர் 20 மி.லி.யோடு காய்ச்சி வடித்த நீர் 980 மி.லி. சேர்த்தால் ஒரு லிட்டர். நீர்க்காமல் அப்படியே ஊற்றினாலோ, உப்புத்தண்ணி போர்வெல் நீரில் கலக்கினாலோ மின்னோட்டம் எகிறும், தொட்டி சூடாகும், ஜெல் நடுவில் இளகிக் குழைந்துவிடும். பவர் பேக்கில் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் மில்லியாம்பியரையும் பாருங்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டினால் உடனே நிறுத்துங்கள். இதற்கு எதிர்மாறான தவறு, ஜெல்லைப் பஃபருக்குப் பதில் வெறும் தண்ணீரில் வார்ப்பது. பட்டைகள் (ஒரே நீளத் துண்டுகள் சேர்ந்து ஜெல்லில் தெரியும் கோடுகள்) ஒழுங்காக நகராது, பார்த்தவர்கள் நொதியைத் திட்டுவார்கள்.

11.30-க்கு ட்யூபுகளை எடுத்து 65 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, உடனே ஐஸில் வையுங்கள். லாம்ப்டாவின் இரு நுனிகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. சூடு காட்டாவிட்டால் 23,130 துண்டும் 4,361 துண்டும் கைகோத்தே ஓடும். 4,361 பட்டை மங்கிப்போகும். பிறகு ஆறு மடங்குச் சாயம் 4 மைக்ரோலிட்டர் சேர்த்து, அதில் 12-ஐக் குழியில் இறக்க வேண்டும். இறக்கும்போது மட்டும் முதல் நிறுத்தத்தோடு நிறுத்துங்கள்; இரண்டாவது வரை போனால் காற்றுக்குமிழி வந்து சாயத்தைக் குழிக்கு வெளியே தள்ளும். முழங்கையை மேசையில் ஊன்றி, மறு கையால் பிப்பெட்டைத் தாங்கிக்கொண்டால் நடுக்கம் குறையும். டிப் குழியின் வாய்க்குள் நுழைந்தால் போதும், அடியைக் குத்தினால் ஓட்டை விழுந்து எல்லாம் கீழே போய்விடும்.

மூடியை மாட்டும் முன் ஒரு கேள்வி: குழிகள் எந்தப் பக்கம்? கறுப்பு, அதாவது எதிர்மின் முனைப் பக்கம் இருக்க வேண்டும். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, சிவப்பு நேர்மின் முனையை நோக்கி ஓடும். திருப்பி மாட்டினால் பத்து நிமிடத்தில் அத்தனை பேரின் உழைப்பும் பஃபரில் கலந்துவிடும். 100 வோல்ட்டில் வைத்து, மின்முனைக் கம்பியில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஆனால் ஒருவர் காவல் இருக்க வேண்டும். நீலச் சாயம் ஜெல்லில் மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் நிறுத்துங்கள். சுமார் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

பட்டைகளைப் பார்ப்பதற்கு எத்திடியம் புரோமைடு (டி.என்.ஏ.வைப் பாதிக்கக்கூடிய சாயம்) வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நீல ஒளியில் தெரியும் சாயங்கள் இருக்கின்றன, ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். புற ஊதா விளக்குதான் இருக்கிறது என்றால் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஒருவரும் கிட்டே வரக்கூடாது. ஹிண்ட்-த்ரீயில் வழக்கமாக ஆறு பட்டைதான் கண்ணில் படும்; 564-உம் 125-உம் மிகச் சிறியவை, ஒளி போதாது. ஈகோ-ஆர்-ஒன்னில் ஐந்து. 5,804-உம் 5,643-உம் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். "சார், ஒண்ணு குறையுது" என்று யாராவது கத்துவார்கள். பதிலைச் சொல்லாமல் பட்டியலைக் கையில் கொடுங்கள்.

நொதி வாங்கப் பணமில்லை என்றால், ஏற்கெனவே வெட்டிய லாம்ப்டாவை வாங்கி நேராக ஜெல்லில் ஏற்றலாம். அதுவும் முடியாவிட்டால் உணவுக்கலர். பச்சைக் கலர் மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்து ஓடும். சோதனையின் தத்துவம் அதிலும் முழுதாக இருக்கிறது.

ஒளிரும் பாக்டீரியா கேட்பவர்களுக்கு

ஜெல்லி மீனின் ஒளிரும் மரபணுவை ஈ. கோலையில் ஏற்றும் சோதனை பிள்ளைகளைக் கவரும். ஆனால் மரபணு மாற்றிய உயிரி இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு விதிகளுக்குள் வரும். உயிரிப் பாதுகாப்புக் குழு உள்ள நிறுவனத்தில், அவர்கள் பொறுப்பில் மட்டுமே செய்யலாம். பாக்டீரியா வளர்த்த தட்டைப் பள்ளிக்கு எடுத்து வரவே கூடாது. தவிர, முடிவு மறுநாள்தான் தெரியும். பிள்ளைகள் 42 டிகிரியில் 50 வினாடி வெப்ப அதிர்ச்சி கொடுப்பது வரை செய்யட்டும், முந்தின நாள் வளர்த்த தட்டை மூடியபடி பார்க்கட்டும். விரலை அழுத்திக் கிருமி வளர்க்கும் சாதாரணக் கைரேகைத் தட்டு செய்தாலும் இதே விதிதான்: வளர்ந்தபின் திறக்கக்கூடாது, 121 டிகிரியில் அரைமணி நேரம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும். ரத்த வகை பார்ப்பதை நிகழ்ச்சியில் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஜெல் படத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்செடுத்துக் கொடுங்கள். குழியின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு ஹிண்ட்-த்ரீ பட்டையும் எத்தனை மில்லிமீட்டர் ஓடியது என்று அளந்து, அரைமடக்கை வரைபடத்தாளில் நீளத்தை மடக்கை அச்சிலும் தூரத்தைச் சாதாரண அச்சிலும் குறிக்கட்டும். நடுவிலுள்ள புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் விழும். 23,130 மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்கும். அவ்வளவு பெரிய துண்டுகளை 1 சதவீத ஜெல்லால் நன்றாகப் பிரிக்க முடியாது. அந்தப் புள்ளியை விட்டுவிட்டுக் கோடு போட்டு, ஈகோ-ஆர்-ஒன் பட்டைகளின் நீளத்தை அந்தக் கோட்டிலிருந்து படிக்க வேண்டும். தடித்த பட்டைக்கு 5,700-ஐ ஒட்டி விடை வந்தால் அளவெடுப்பு சரி. நான்காவது ட்யூபில் எந்த நொதி இருந்தது என்பதையும் அதே தாளின் ஓரத்தில் எழுதி ஒப்படைக்கட்டும்.